வட்டம் நின்ற இடம்

கடலடியில் ஒரு பிளக்கைச் சொருகுவதற்காகத் தயாளன் கப்பலேறி வந்திருந்தான். சொருக வேண்டிய இடத்தில் ஒரு ஆக்டோபஸ் உட்கார்ந்திருந்தது.

கட்டுப்பாட்டு அறையின் பெரிய திரையில் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். காரைக்காலுக்குக் கிழக்கே, வங்கக்கடலில், இரண்டரை கிலோமீட்டர் ஆழம். வெயில் அங்கே எட்டிப் பார்த்ததே இல்லை. ரோபோ கொண்டுபோன விளக்கு விழுந்த இடம்வரை சாம்பல் நிறச் சேறு. நடுவில், போன வருடம் இறக்கிவைத்த இணைப்புப் பெட்டி, பீரோவைப் படுக்கப் போட்ட மாதிரி. அந்தச் சேற்றுவெளியில் கெட்டியான பொருள் அது ஒன்றுதான். அதனால் சுற்றுவட்டாரத்து உயிர்களெல்லாம் அதன் மேல் குடியேறிவிட்டன. மூலைக்கு மூலை கடல் சாமந்தி. இடுக்குகளில் நிறமில்லாத இறால்கள். கைப்பிடியில் நீளக் கைகளைச் சுற்றிக்கொண்டு ஒரு நட்சத்திர மீன். பிளக் போக வேண்டிய துளையின் மேல், வெளிறிய ஊதா நிறத்தில், தலையணை அளவுக்கு அந்த ஆக்டோபஸ்.

"பேய்க்கணவாய்," என்றான் ரெமி. "நல்ல இடமாப் பாத்துத்தான் பிடிச்சிருக்கு."

ரெமிஜியுஸ் தூத்துக்குடிக்காரன். கடலடி ரோபோவை ஓட்டுபவன். கப்பலில் அதை யாரும் ரோபோ என்று சொல்வதில்லை. வண்டி என்பார்கள்.

"முட்டை வெச்சிருக்கா பாரு, ரெமி," என்றார் டாக்டர் மெஹருன்னிசா. திட்டத்தின் தலைவர் அவர். ஐம்பதைத் தாண்டியவர். நின்றுகொண்டே வேலை பார்ப்பவர். "முட்டை இருந்தா நம்ம கதை முடிஞ்சுது. இவ்வளவு ஆழத்துல அடைகாக்க உக்காந்தா வருஷக்கணக்குல எழுந்திருக்காது. சாப்பிடக்கூடப் போகாது."

ரெமி வண்டியை அங்குலம் அங்குலமாகத் திருப்பினான். "முட்டை இல்ல மேடம். சும்மா உக்காந்திருக்கு."

"அப்ப காத்திருப்போம்."

கப்பல் ஆட்டம் தயாளனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. "வண்டியோட கையால லேசாத் தள்ளலாமே?" என்றான்.

"தள்ளலாம். இரும்புக் கைக்கு லேசுன்னா என்னன்னு தெரியாது அண்ணாச்சி."

"தண்ணியப் பீச்சுங்க."

"சேறு கிளம்பிரும். பெறகு பொழுது சாயிற வரைக்கும் ஒண்ணும் தெரியாது." ரெமி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சாரு இருந்தா தொட விட்டிருக்கவே மாட்டா."

மாட்டாங்க இல்லை. மாட்டா.

வீட்டில் அவள் மதி, தயாளனின் மனைவி. சாருமதி என்ற பெயரில் முன்பாதி கப்பலுக்கும் பின்பாதி வீட்டுக்கும் என்று எப்போதோ பிரிந்துபோயிருந்தது. பிரித்தவர் யார் என்று அவள் உயிரோடிருந்தபோது தயாளன் கேட்டதில்லை. அவள் போன தை மாதம் இறந்தாள். தலைக்குள் கட்டி. மார்கழியில் ஆஸ்பத்திரிக்குப் போனவள் வீடு திரும்பவில்லை. காரியம் முடிந்த மறுநாள் தயாளன் வேலைக்குப் போய்விட்டான். கடலடிக் கம்பிகளுக்கு இணைப்பு செய்யும் கம்பெனி அவனுடையது. தண்ணீருக்குள்ளேயே சொருகிக் கழற்றும்படியான பிளக்குகள். அழவில்லை. பசித்தது, சாப்பிட்டான். தூக்கம் வந்தது, தூங்கினான். உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. பொறாமை ஒன்று மட்டும் பழுதில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் போனபோது கப்பலில் சமையல் பார்க்கும் பண்டாரி காதர் பாய் சோற்றோடு ஊறுகாயை மட்டும் வைத்தார்.

"குழம்பு வேணாம் சார். நீங்க சாப்பிடறதெல்லாம் நேரா மீனுக்குத்தான் போவுது. மூணு நாளா இந்தப் பக்கத்து மீனெல்லாம் கொழுத்துப் போச்சு."

மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ரெமி சிரிக்கவில்லை. எழுந்து வந்து பக்கத்தில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தான். "மோந்து பாத்துக்கிட்டே சாப்பிடுங்க. கப்பல் நடுவுல என் கட்டில் இருக்கு, அங்க ஆட்டம் கம்மி. நீங்க படுத்துக்கிடுங்க. நான் முன்னால போயிருதேன்."

"வேண்டாம்."

"சாருவுக்கும் மொத நடைல இப்பிடித்தான்."

எலுமிச்சம்பழத்தைத் தயாளன் தொடவில்லை. அவளுக்குக் கடலில் வாந்தி வரும் என்பதே அவனுக்குப் புதுச்செய்தி. கல்யாணமான ஆறு வருடத்தில் அவள் அதைச் சொன்னதில்லை. கெட்டவனாக இருந்திருந்தால் ரெமியைச் சமாளித்திருக்கலாம்.

சாப்பாட்டுக்குப் பிறகு மெஹருன்னிசா அவனைக் கூப்பிட்டார். பின்தளத்தில், கிரேனுக்குக் கீழே, கடலடியில் இறக்கவேண்டிய கருவி கட்டப்பட்டு நின்றது. மஞ்சள் சட்டகம், நான்கு அகலமான கால்கள், உச்சியில் பூசணிக்காய் அளவில் கண்ணாடிக் கோளம். கோளத்துக்குள் கேமராக்கள்.

"உங்க பதில் இன்னும் வரல," என்றார். "அந்தக் கணவாய் நமக்கு ஒரு நாள் கொடுத்திருக்கு. அதுக்குள்ள சொல்லிடுங்க."

"இன்னொரு தடவை சொல்லுங்க மேடம். இது சரியா என்ன செய்யும்?"

அவர் பலமுறை சொல்லியிருந்தார். மறுபடியும் பொறுமையாகச் சொன்னார். "கீழ எந்நேரமும் விளக்கு எரிய விட முடியாது. இருட்டுக்குன்னே படைச்ச கண்ணு அதுங்களுக்கு, கெட்டுப்போயிடும். அதனால கொஞ்ச நேரம், ஒரே ஒரு பக்கம்தான் வெளிச்சம் அடிக்கலாம். எந்தப் பக்கம்? அதை யாராவது முடிவு பண்ணணும். மெஷினைக் கேட்டா எது பெருசோ, எது வேகமா அசையுதோ அதைப் பாக்கும். சாருமதி அப்படிப் பார்த்ததே இல்ல. எல்லாரும் சுறாவைப் பாத்து வாயைப் பொளந்தா, அவ சுறா போன பிறகு சேறு எப்படி அடங்குதுன்னு பாப்பா. புதுசா நாங்க கண்டுபிடிச்ச உயிர்ல பாதிக்கு மேல அவ கண்ணுல பட்டதுதான். அதான் அவ பாக்கிற விதத்தையே எடுத்து வெச்சோம்."

"கண்ணாடி போட்டு."

"ஆமா. வேலை நேரம் பூரா போட்டுக்கிட்டே இருக்கணும். திரையைப் பாத்தாலும் சரி, ரூம்ல இருக்கிறவங்களைப் பாத்தாலும் சரி, கண்ணு எங்க போச்சுன்னு அது பதியும். அது படிக்கும். அப்புறம் எந்தக் காட்சியைக் காட்டினாலும், அவ இருந்தா எங்க பாத்திருப்பாளோ அங்க ஒரு பச்சை வட்டம் போடும். கீழே அந்த வட்டம் இருக்கிற பக்கம் விளக்கு திரும்பும். அவ்வளவுதான்."

"இறக்கிட்டா என்கிட்ட ஒண்ணும் இருக்காது."

"சட்டம் அது. இறந்தவங்க பார்வை ஒரே இடத்துலதான் இருக்கலாம். நகல் எடுத்து யாரும் வியாபாரம் பண்ணிடக் கூடாதில்ல? கீழ போனா கீழ. நீங்க வேண்டாம்னு சொன்னா, சின்னப் பெட்டிதான், கழற்றி உங்க கையில கொடுத்துடுவோம். வீட்டுல ஒரு கேமராவுல மாட்டிக்கலாம். கணவர் நீங்க. உங்களை மீறி நான் எதுவும் செய்ய மாட்டேன். ஆனா அது இல்லாம கீழே போறது வெறும் டார்ச் லைட்."

தயாளன் உள்ளுக்குள் ஏற்கனவே முடிவு செய்திருந்தான். பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோவது. வருடத்தில் பாதியைக் கடலுக்குக் கொடுத்தவள் அவள். மிச்சத்தையும் கடலுக்கே கொடுப்பதற்கு அவன் கர்ணனில்லை. ஆனால் அதற்கு முன் அவனுக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பயணத்துக்கே பெயர் கொடுத்திருந்தான்.

அவன் போனில் ஒரு வீடியோ இருந்தது. திட்டத்துக்கு அனுமதி கிடைத்த வாரம், வேளச்சேரி வீட்டில் மதி வைத்த விருந்து. மெஹருன்னிசாவும் ரெமியும் வந்திருந்தார்கள். போனைத் தண்ணீர் கேன் மேல் சாய்த்து வைத்து எடுத்தது. பெரிதாக ஒன்றுமில்லை. நான்கு பேர் உட்கார்ந்து பிரியாணி சாப்பிடுகிறார்கள். ஒரு இடத்தில் ரெமி ஏதோ சொல்கிறான். அந்த நேரம் பார்த்து குக்கர் கூவுகிறது. மதி தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறாள். அந்த மாதிரிச் சிரிப்பைத் தயாளன் வேறெப்போதும் பார்த்ததில்லை. அந்தக் குக்கர் சத்தத்தைக் கழித்துவிட்டுக் கேட்பதற்கு என்னென்னவோ செய்து பார்த்திருந்தான்.

அவள் பார்வைதான் பெட்டிக்குள் இருக்கிறதே. வீடியோவைக் காட்டினால் போதும். வட்டம் அவன் மேல் நிற்கிறதா, ரெமி மேல் நிற்கிறதா. செத்துப்போன பெண்டாட்டியைச் சந்தேகப்படுகிறவன் உலகத்தில் தான் ஒருவனாகத்தான் இருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது. தோன்றியதே தவிர, கை நிற்கவில்லை.

இறக்குவதற்கு முன் இணைப்பைச் சோதிப்பது அவன் வேலை. ஆகவே யாரும் எதுவும் கேட்கவில்லை. மடிக்கணினியைத் தரையில் வைத்தான். கருவியின் வயிற்றிலிருந்து சோதனைக் கம்பியை இழுத்துச் சொருகினான். போனை அதனோடு சேர்த்தான். வெயில் படாமல் தார்ப்பாயை இழுத்துத் தலைமேல் போட்டுக்கொண்டான்.

வீடியோ ஓடியது. பச்சை வட்டம் இரண்டு தடவை துடித்துவிட்டு நிலைக்கு வந்தது.

ரெமி மேல் இல்லை.

தயாளனுக்கு மூச்சு வந்தது. பிறகு கவனித்தான். தன் மேலும் இல்லை. வட்டம் மதியின் கையில் நின்றது. கை பிரியாணியைப் பரிமாறியது. வட்டம் கையோடு போனது. அவள் காதோரம் முடியை ஒதுக்கினாள். வட்டம் காதுக்கு ஏறியது. ரெமி பேசும்போது அவள் முகத்தில். தயாளன் பேசும்போதும் அவள் முகத்தில். குக்கர் கூவியது. அவள் தலையைச் சாய்த்தாள். வட்டம் அவள் தொண்டைக்குழியில் லேசாக நடுங்கியது.

அவள் எழுந்து சமையலறைக்குள் போனாள். வட்டம் வாசலிலேயே நின்றது. மூன்று பேர் இங்கே பேசிக்கொண்டிருக்கிறார்கள். மின்விசிறி சுற்றுகிறது. வட்டம் அவள் திரும்பி வரும்வரை வாசலை விட்டு நகரவில்லை.

தார்ப்பாய்க்குள் வியர்த்துக் கொட்டியது. தயாளன் மறுபடியும் ஓட்டினான். மறுபடியும் அதே.

யாரும் தன்னைத் தானே அப்படிப் பார்ப்பதில்லை. தான் வெளியே வருவதற்காகத் தானே வாசலில் காத்திருப்பதில்லை. இது மதியின் கண் இல்லை.

ரெமி பின்தளத்தின் மறு ஓரத்தில் வண்டியின் உதிரிக் கைக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தான். தயாளன் ஓரத்துக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துப் பிடித்து அங்கே போய்ச் சேர்ந்தான்.

"கண்ணாடியை நீ எப்போ போட்டே?"

மரியாதை போனதை ரெமி கவனித்தான். கிரீஸ் டப்பாவை மூடினான். "யார் சொன்னா?"

"வட்டம் சொல்லுச்சு."

ரெமி கையைத் துணியில் துடைத்தான். விரல் விரலாகத் துடைத்தான். "கடைசி நடைல. ஆடி மாசம். அவளுக்குக் கண்ணு சேரல அண்ணாச்சி."

"சேரலன்னா?"

"எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சிருக்கு. ஒரு மீன் போச்சுன்னா ரெண்டு. 'ரெமி, இதுல எது நிஜம், எடதா வலதா'ன்னு கேப்பா. கண்ணாடி அவ கண்ணை ஏத்துக்கிடல. ரெண்டு கண்ணும் ரெண்டு பக்கம் பாத்தா அது எதைப் பதியும்? அதான் நான் போட்டேன். அவ பக்கத்துல உக்காந்து வெரலை நீட்டுவா. அங்க பாரு, இப்ப இங்க பாரும்பா. நான் பாப்பேன். நடை பூரா அப்பிடித்தான்."

ஆடி. தயாளன் அந்த வருடத்து மழைக்காலத்தை நினைத்துப் பார்த்தான். மதி சோபாவில் உட்கார்ந்து ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு டிவி பார்ப்பாள். "என்ன, டிவிகாரனுக்குக் கண்ணடிக்கிறியா?" என்று அவன் கேட்டிருக்கிறான். அவளும் சிரித்திருக்கிறாள்.

"உனக்கு ஆடியில தெரியும். எனக்கு மார்கழியிலதான் தெரியும்."

"ஆமா."

"ஏன் சொல்லல?"

"மாதா மேல சத்தியம் வாங்கிட்டா. சொன்னா கப்பலேத்த மாட்டாங்க, நீங்களும் விட மாட்டீங்கன்னா. கரைக்குப் போனதும் நானே டாக்டரைப் பாக்குதேன்னா. நம்பினேன்."

"அவளைக் கொன்னது உன் சத்தியம்."

ரெமி மறுக்கவில்லை. "ஆஸ்பத்திரிலயே கேட்டுட்டேன். ஆடியிலயே வந்திருந்தாலும் ஒண்ணும் மாறியிருக்காதுன்னாரு டாக்டர். நான் நம்பல. நீங்களும் நம்பாண்டாம்."

அடிக்க வேண்டும் போலிருந்தது. கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தது. தயாளன் விழப் பார்த்தான். ரெமி அவன் முழங்கையைப் பிடித்து நிறுத்தினான். கிரீஸ் சட்டையில் ஒட்டியது. அந்தக் கையை உதறுவதற்குக்கூடத் தயாளனுக்கு இன்னொரு கை தேவைப்பட்டது. அது கம்பியைப் பிடித்திருந்தது.

"அவளுக்குத் தெரியுமா?" என்று கேட்டான்.

"என்னது?"

"நீ அவளைப் பார்த்தது."

ரெமி கடலைப் பார்த்தான். "அவ எங்க என்னையப் பாத்தா? திரையத்தான பாத்தா. பக்கத்துல ஒருத்தன் செத்துக் கெடந்தாலும், 'கொஞ்சம் தள்ளிக் கெட ரெமி, மறைக்குது'ம்பா."

"விருந்தன்னிக்கு என்ன சொன்னே? எங்க வீட்டுல. அவ அப்படிச் சிரிச்சாளே."

"எப்ப?" ரெமி யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். "ஞாபகம் இல்லையே அண்ணாச்சி."

தயாளன் நேரே மெஹருன்னிசாவின் அறைக்குப் போனான். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"ரெமியோட பங்கை எடுங்க."

அவர் முகத்தில் ஆச்சரியம் இல்லை. "தெரிஞ்சுபோச்சா?"

"உங்களுக்கும் தெரியுமா?"

"அவ போன பிறகுதான் தெரியும். பதிவைப் பாத்தேன். ஆட்கள் வர்ற காட்சியெல்லாம் அந்த நடையிலதான் நிறைய இருந்துது. மத்த நடையில அவ தலையைத் திருப்பிக்கூட யாரையும் பாத்ததில்ல." தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கீழ மனுஷர் யாரும் வரப் போறதில்ல. மீனைப் பாக்கிறப்போ அது சாருமதி. அவ விரலை நீட்டினா, அவன் பாத்தான். அந்த வரைக்கும் சுத்தம். அதனால விட்டுட்டேன்."

"எனக்கு வேணாம். மனுஷங்களைப் பாக்கிற பகுதியை எடுங்க."

"எடுத்தா ஓட்டை விழும். அந்த ஓட்டையோட அது ஓடாது. வேற யாராவது கண்ணை வெச்சு அடைக்கணும்."

"என் கண்ணை வைங்க."

மெஹருன்னிசா அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆறு வருஷம் அவளோட வாழ்ந்தவன் மேடம். அவளை என்னைவிட யார் பாத்திருக்கா? என் கண்ணைப் போட்டு அடைச்சுக் கொடுங்க. நான் வீட்டுக்குக் கொண்டுபோறேன். இல்ல, இறக்கறதுன்னாலும் எங்க ரெண்டு பேர் கண்ணா இறங்கட்டும். மூணாவது ஆள் எதுக்கு?"

அவர் அலமாரியிலிருந்து பதிவுக் கண்ணாடியை எடுத்தார். தடித்த கறுப்புச் சட்டம், காதருகில் சின்ன விளக்கு. "முதல்ல ஒரு சோதனை. ஆட்கள் இருக்கிற மாதிரி ஏதாவது படம் வேணும்."

"என்கிட்ட இருக்கு."

கண்ணாடி மூக்கில் கனத்தது. உள்ளே இதற்கு முன் போட்டவன் தலைக்கு ஏற்றபடி பட்டையை இறுக்கி வைத்திருந்தார்கள். தயாளன் அதைத் தளர்த்திக்கொண்டான். வீடியோ ஓடியது. அவன் முழு மனதோடு பார்த்தான். மதி பரிமாறினாள். மதி முடியை ஒதுக்கினாள். மதி சிரித்தாள். மதி உள்ளே போனாள், வந்தாள். ஒரு அசைவைக்கூட விடவில்லை என்று நினைத்தான். பல மாதத்துக்குப் பிறகு நெஞ்சில் ஏதோ இளகுகிற மாதிரிகூட இருந்தது.

"முடிஞ்சுது," என்றான். "போட்டுக் காட்டுங்க."

மெஹருன்னிசா அவன் பார்வையை வட்டமாக்கி வீடியோ மேல் ஏற்றினார். அவருடைய விரல் ஒரு கணம் தயங்கியது. பிறகு ஓட விட்டார்.

மதி பரிமாறினாள். வட்டம் ரெமியின் தட்டில் இருந்தது.

மதி முடியை ஒதுக்கினாள். வட்டம் ரெமியின் கண்ணில் இருந்தது. அந்தக் கண் எங்கே போகிறது என்று பார்த்தபடி இருந்தது. ரெமி தண்ணீர் குடித்தான். வட்டம் அவன் தொண்டையோடு ஏறி இறங்கியது. குக்கர் கூவியது. மதி தலையைச் சாய்த்துச் சிரித்தாள். வட்டம் ரெமியின் உதட்டில், அவன் சொன்ன சொல்லைப் பொறுக்கிக்கொண்டிருந்தது. மதி எழுந்து போனாள். வட்டத்துக்கு அது தெரியவே இல்லை. அவள் திரும்பி வந்தாள். அதுவும் தெரியவில்லை. நடுவில் ஒரே ஒருமுறை அது தயாளனின் முகத்துக்கு வந்தது. இந்த மடையன் ஏதாவது கவனிக்கிறானா என்று பார்த்துவிட்டு ரெமியிடமே திரும்பிப் போனது.

வீடியோ முடிந்தது. உயிரோடிருக்கும் பெண்டாட்டி கண்ணெதிரே நடமாடியிருக்கிறாள். அவன் ஒரு முறைகூட அவளைப் பார்க்கவில்லை.

மெஹருன்னிசா திரையை அணைத்தார். "டீ குடிக்கிறீங்களா?"

"வேண்டாம்."

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தான். மூக்கின் இரு பக்கமும் அழுந்திய தடம் எரிந்தது. பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோனால் என்ன நடக்கும் என்று அவனுக்கு இப்போது தெளிவாகத் தெரிந்தது. கேமராவை மாட்டியதும் வட்டம் நேரே சமையலறை வாசலுக்குப் போகும். போய் நின்றுவிடும். காலையிலும் நிற்கும், மாலையிலும் நிற்கும். அவன் அலுவலகம் போய் வந்து, சோபாவில் உட்கார்ந்து, அது நிற்பதைப் பார்த்துக்கொண்டிருப்பான். வட்டத்தைத்தான் பார்ப்பான், வாசலை அல்ல. தன்னை இத்தனை நாளுக்குப் பிறகு அவனுக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது.

"ஒண்ணும் எடுக்க வேண்டாம் மேடம்," என்றான். "இருக்கிறபடியே இறக்குங்க."

"நிச்சயமா?"

"கீழே வாசல் கிடையாதில்ல."

அவருக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

மறுநாள் காலை வண்டி கீழே போனபோது துளையின் மேல் எதுவும் இல்லை. ஆக்டோபஸ் எப்போது போயிற்று, எந்தப் பக்கம் போயிற்று என்று யாருக்கும் தெரியாது. அது உட்கார்ந்திருந்த இடம் மட்டும் சேறு படியாமல் துடைத்த மாதிரி இருந்தது. கிரேன் கருவியைத் தூக்கிக் கடலுக்குள் விட்டது. மஞ்சள் சட்டகம் பச்சையாகி, நீலமாகி, காணாமல் போயிற்று. அது அடி தொடுவதற்குள் எல்லோரும் ஒரு வேளை சாப்பாட்டை முடித்துவிட்டு வந்தார்கள். நான்கு கால்களும் சேற்றில் பதிந்தன. புழுதி எழுந்து, மெல்ல அடங்கியது. தூரத்தில் எலிவால் மீன் ஒன்று தலைகீழாகத் தொங்கியபடி சேற்றை மோந்துகொண்டு போயிற்று.

கட்டுப்பாட்டு அறையில் ரெமி வண்டியை ஓட்டினான். தயாளன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வழி சொன்னான். வேறு எதையும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

"கொஞ்சம் இடது. நேரா. பிளக்கோட காது மேல் பக்கம் இருக்கணும்."

"இருக்கு."

"இப்ப அழுத்துங்க. வேகமா வேண்டாம். உள்ள இருக்கிற எண்ணெய் வழி விடணும்."

இரும்புக் கை பிளக்கைத் துளைக்குள் தள்ளியது. பாதியில் நின்றது. தயாளன், "விடாதீங்க, அதுவா போகும்," என்றான். அது போயிற்று. கடைசி அங்குலத்தில் ஒரு சின்னத் துள்ளல். திரையின் ஓரத்தில் மின்சாரம் ஏறியதாக எழுத்து வந்தது. ஒப்பந்தப்படி இருபத்தைந்து வருடத்துக்கு இனி அதை யாரும் கழற்றப் போவதில்லை.

"விளக்கை அணைங்க," என்றார் மெஹருன்னிசா பின்னாலிருந்து. "அது பாக்கட்டும்."

ரெமி வண்டியின் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தான். திரை கறுத்தது. பிறகு கீழே, இருட்டுக்குள், பச்சை வட்டம் பிறந்தது. இங்கும் அங்கும் கொஞ்சம் அலைந்தது. ஓரிடத்தில் நின்றது. அந்தப் பக்கம் கருவியின் விளக்கு மெல்லத் திரும்பியது.

"யா அல்லாஹ்," என்றார் மெஹருன்னிசா. "இது என்னது?" யாரோ நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்கள். யாரோ கை தட்டினார்கள்.

என்ன வெளிச்சத்துக்கு வந்தது என்று தயாளன் பார்க்கவில்லை. அவன் ரெமியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.